நிரல் படிக்கத் தெரியாமல் நிரலாளரை மதிப்பிடுவது எப்படி?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன். நூல் வாங்குவது முதல் பேக்கிங் வரை எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கும் மென்பொருளை, எங்கள் நிறுவனத்துக்குள்ளேயே 5 பேர் கொண்ட ஒரு குழு எழுதிப் பராமரிக்கிறது. நான் பி.காம். படித்தவள், நிரல் எழுதவோ படிக்கவோ தெரியாது. குழுவில் மூத்தவருக்கு 11 ஆண்டு அனுபவம். எந்த வேலையைக் கொடுத்தாலும் கேள்வி மேல் கேள்வி கேட்பார். அண்மையில் ஒரு வேலைக்கு 6 வாரம் வேண்டும் என்றார். இன்னொருவர் சேர்ந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவியின் துணையோடு, அதே போன்ற வேலையை 4 நாளில் திரையில் காட்டிவிடுகிறார். மூத்தவரின் சம்பளம் இவருடையதைப் போல இரண்டரை மடங்கு. முடித்த டிக்கெட்டுகளை, அதாவது குழுவுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் போடும் பதிவுகளை, எண்ணிப் பாருங்கள் என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார். எண்ணினேன்: கடந்த 3 மாதத்தில் இளையவர் 41, மூத்தவர் 13. இருவருக்கும் ஆன்லைனில் நிரல் தேர்வு வைக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். ஏப்ரலில் சம்பள உயர்வை முடிவு செய்தாக வேண்டும். யாருக்கும் அநியாயம் செய்யாமல் இவர்களுடைய திறமையை எப்படி அறிவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

உங்கள் குழப்பம் முழுவதும் 41, 13 என்ற இரண்டு எண்களுக்குள் இருப்பதால் அங்கேயே தொடங்குகிறேன். அந்த 54 டிக்கெட்டுகளையும் அச்செடுத்து ஒரு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றும் என்ன வேலை, அதை யாருக்கு யார் ஒதுக்கியது என்று மட்டும் பாருங்கள். அதற்கு நிரல் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ‘ரிப்போர்ட்டில் பார்ட்டியின் போன் எண்ணும் வர வேண்டும்’ என்பது ஒரு டிக்கெட். ‘சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணியின் எடையும் திரும்பி வந்த எடையும் சில லாட்டுகளில் மட்டும் பொருந்தவில்லை’ என்பதும் ஒரு டிக்கெட்தான். முதலாவது அரை நாள் வேலை. இரண்டாவதில் 2 வாரம் தேடிய பிறகு இரண்டே வரிகளைத் திருத்த வேண்டியிருக்கலாம். அல்லது தவறு மென்பொருளில் இல்லை, எடை போடும் இடத்தில்தான் என்று கண்டுபிடித்து, ஒரு வரியும் எழுதாமலே அந்த டிக்கெட்டை மூட வேண்டியிருக்கலாம். குழந்தையின் பனியனும் ஒரு பீஸ், ஜிப் வைத்த ஜாக்கெட்டும் ஒரு பீஸ் என்று எண்ணினால் உங்கள் தையல் பிரிவின் கணக்கு என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். கடினமான வேலைகள் வழக்கமாக யாரிடம் போய்ச் சேருகின்றன என்பதையும் அந்த மேசையிலேயே பார்த்துவிடலாம். என் அனுபவத்தில் அவை, முடித்துத் தருவார் என்ற நம்பிக்கை யார்மீது இருக்கிறதோ அவரிடமே போகின்றன. பிறகு எண்ணிக்கை குறைவு என்று அவரே பிடிபடுகிறார்.

உங்கள் தொழிலை நான் வெளியிலிருந்து பார்த்தவன்தான், ஆனாலும் ஓர் ஒப்புமை சொல்லத் தோன்றுகிறது. டெய்லருக்குப் பீஸ் ரேட் போடலாம். பேட்டர்ன் மாஸ்டருக்கு யாரும் போடுவதில்லை. அவருடைய பேட்டர்னில் அரை அங்குலம் பிசகினால், அந்தப் பிசகு அவருடைய மேசையில் தெரியாமல், ஆயிரம் பீஸ் தைத்து முடித்த பிறகு செக்கிங்கில்தான் தெரியும். நிரலாளர் செய்வது ஏறக்குறைய பேட்டர்ன் மாஸ்டரின் வேலை. அவர் ஒரு முறை எழுதுகிறார், தைப்பதைக் கணினி லட்சம் முறை செய்கிறது. ஆகவே அவருடைய வேலையின் தரத்தைப் பார்க்க வேண்டிய இடம் ஒப்படைத்த நாள் இல்லை. ஒப்படைத்து 6 மாதமோ ஓராண்டோ ஆன பிறகு அந்த வேலைக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. 1982-இல் ஆப்பிள் நிறுவனத்தில் லிசா கணினிக்கான மென்பொருள் உருவாகிக்கொண்டிருந்தபோது, நிரலாளர்கள் வாரந்தோறும் எத்தனை வரி எழுதினார்கள் என்று படிவத்தில் நிரப்பித் தர வேண்டும் என மேலாளர்கள் விதித்தார்கள். திரையில் வரைபடங்களைக் காட்டும் பகுதியை எழுதிய பில் அட்கின்சன், அதன் ஒரு பாகத்தைத் திருத்தி எழுதி ஏறக்குறைய 6 மடங்கு வேகமாக்கியிருந்தார்; அந்த முயற்சியில் சுமார் 2,000 வரிகள் தேவையற்றுப் போய்விட்டன. படிவத்தில் அவர் ‘மைனஸ் 2,000’ என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். வரிக்குப் பதில் டிக்கெட்டை எண்ணினாலும் இதே கதைதான். ஏப்ரல் முதல் டிக்கெட் எண்ணிக்கைக்குச் சம்பளம் என்று நீங்கள் அறிவித்துவிட்டால், மே மாதத்தில் ஒரே வேலை மூன்று டிக்கெட்டாகப் பிரிந்து வரும். சாயப்பட்டறை எடைக் கணக்கை எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்காது. விசைப்பலகை அசைவைக் கணக்கிடும், திரையைப் படம் பிடிக்கும் கண்காணிப்பு மென்பொருள்களை யாராவது உங்களிடம் விற்க வந்தால் அதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சரி, பின் எதைத்தான் பார்ப்பது? நிரலைப் படிக்காமலே நிரலின் தரத்தைக் காண உங்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று ஆயத்த ஆடைகளுக்கான ஜிஎஸ்டி மாறியது நினைவிருக்கும். அதுவரை ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். அன்று முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். இந்த விதியை மென்பொருளில் இரண்டு விதமாக எழுதியிருக்க முடியும். ஒரு விதத்தில், வரி கணக்கிட வேண்டிய ஒவ்வோர் இடத்திலும், அதாவது பில், கோட்டேஷன், திரும்பி வந்த சரக்கு, மாத ரிப்போர்ட் என எல்லாவற்றிலும், 1,000, 5, 12 என்ற எண்களை நேராகவே எழுதிவிடலாம். எழுதிய அன்று இது வேகமான வழி, திரையில் விடையும் சரியாகவே வரும். இன்னொரு விதத்தில், ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை, இந்த விலைவரை, இந்த விகிதம்’ என்று ஓர் அட்டவணையில் வைத்துவிட்டு, எல்லா இடங்களும் அதையே பார்த்துக் கணக்கிடும்படி எழுதலாம். இதற்கு இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஆகும், திரையில் தெரியும் விடையில் எந்த வித்தியாசமும் இருக்காது. வித்தியாசம் தெரிந்தது செப்டம்பர் 22 அன்றுதான். இரண்டாவது விதத்தில் எழுதியவர் அட்டவணையில் புதிய வரிசைகளைச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். முதல் விதத்தில் எழுதிய இடங்களில், ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தியிருப்பார்கள், ஓரிடம் விட்டுப்போயிருக்கும், ஆகஸ்டில் போட்ட பில்லை அக்டோபரில் மறுபடி அச்செடுத்தபோது அதில் புதிய விகிதம் வந்து நின்றிருக்கவும் கூடும்.

அந்த வாரத்தில் உங்கள் நிறுவனத்தில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். மாற்றம் எத்தனை இடத்தில் செய்ய வேண்டியிருந்தது, எத்தனை நாள் ஆனது, தவறான பில் எதுவும் பார்ட்டிக்குப் போனதா, பழைய பில்கள் பழைய விகிதத்திலேயே இருந்தனவா? அந்தப் பகுதிகளை முதலில் எழுதியது யார் என்பதையும் கண்டறியலாம். உங்கள் குழு கிட் போன்ற ஒரு பதிவு முறையைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு வரியையும் யார், எந்த நாளில், என்ன காரணம் குறித்து எழுதினார் என்பது அதில் இருக்கும். காரணக் குறிப்புகள் வெறும் ஆங்கில வாக்கியங்கள்தான், அவற்றை நீங்களே படிக்கலாம். ‘சரி செய்தது’, ‘மறுபடி சரி செய்தது’ என்று மட்டும் எழுதிக்கொண்டே போகிறவருக்கும், ‘ஒரே பில்லில் இரண்டு விகிதப் பொருள்கள் வந்தால் ரவுண்டிங் ஒரு பைசா தவறுகிறது, ஆகவே மொத்தத்தில் ரவுண்ட் செய்யாமல் வரிவாரியாகச் செய்கிறேன்’ என்று எழுதுகிறவருக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் அந்த விசாரணையில் குற்றவாளியைத் தேடாதீர்கள். எண்களை நேராக எழுதியவரிடம், அன்றைக்கு ‘நாளை மாலைக்குள் பில் ஓட வேண்டும்’ என்று சொன்னது நீங்களாக இருந்தால், அந்தக் குறுக்கு வழியில் பாதி உங்களுடையது. அதை அவருடைய திறமைக் கணக்கில் எழுதக் கூடாது. அவசரத்துக்கு அப்படிச் செய்தாலும், ‘இது தற்காலிகம், விகிதம் மாறினால் இத்தனை இடத்தில் திருத்த வேண்டும்’ என்று அன்றே சொல்லிவைத்தாரா என்பதைப் பார்க்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அது நல்ல நிரலாளரின் அடையாளம்.

அனுபவ ஆண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1968-இல் அமெரிக்காவில் வெளியான சாக்மன், எரிக்சன், கிராண்ட் ஆகியோரின் ஆய்வு ஒன்றில், அனுபவமுள்ள 12 நிரலாளர்களிடையே பிழை நீக்க ஆன நேரம், மிகக் குறைவானவருக்கும் மிக அதிகமானவருக்கும் இடையே 28 மடங்குவரை வேறுபட்டது. ‘ஒரு நல்ல நிரலாளர் பத்துப் பேருக்குச் சமம்’ என்ற பேச்சின் வேர்களில் இதுவும் ஒன்று. சிலர் உயர்நிலை மொழியிலும் சிலர் இயந்திர மொழியிலும் எழுதினார்கள், மிகச் சிறந்தவரையும் மிகப் பின்தங்கியவரையும் மட்டும் எடுத்து ஒப்பிட்டார்கள் என்று அந்த எண் பின்னாளில் சரியாகவே விமர்சிக்கப்பட்டது. ஆகவே யாராவது உங்களிடம் ‘பத்து மடங்கு’ பேசினால் அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்த ஆய்வில் அனுபவ ஆண்டுகளுக்கும் செய்து காட்டிய வேலைக்கும் தொடர்பு தென்படவில்லை என்ற பகுதியை மட்டும், நான் பார்த்த நிரலாளர்களை வைத்து, ஏற்றுக்கொள்வேன். 11 ஆண்டு என்பது 11 ஆண்டு கற்றதாகவும் இருக்கலாம், முதலாண்டில் கற்றதையே 11 முறை செய்ததாகவும் இருக்கலாம்.

இதைவிட உங்களுக்குப் பயன்படக்கூடியது, 1984 முதல் 1986 வரை டாம் டிமார்க்கோ, டிமோதி லிஸ்டர் என்ற இருவர் 92 நிறுவனங்களிலிருந்து 600-க்கும் மேற்பட்ட நிரலாளர்களை ஒரே வேலையைச் செய்யவைத்துக் கண்டது. ஒரே நிறுவனத்திலிருந்து ஜோடியாக வந்தவர்கள், தனித்தனியாக வேலை செய்தும், ஒருவருக்கொருவர் நெருக்கமான அளவிலேயே செய்து முடித்தார்கள். முன்னணியில் வந்தவர்களுக்குப் பொதுவாக அமைந்திருந்தது அமைதியான, இடையூறு குறைந்த பணியிடம். இதை வாசிக்கும்போது உங்கள் மூத்தவரின் நாற்காலியைப் பற்றித்தான் நினைத்தேன். கட்டிங் பிரிவில் பார்கோடு இயந்திரம் நின்றுபோனால் போன் யாருக்கு வருகிறது? பேக்கிங் சூப்பர்வைசர் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் யாருடைய மேசைக்கு வருகிறார்? மற்ற நால்வரும் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால் யாரைக் கேட்கிறார்கள்? ஒரு வாரம் மட்டும் இதைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். 13 டிக்கெட்டுகளுக்குப் பின்னால் டிக்கெட் ஆகாத 130 வேலைகள் இருக்கக்கூடும். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். எதுவாயினும் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

நண்பர் சொன்ன ஆன்லைன் தேர்வை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிதாக வேலை கேட்டு வருபவரிடம் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாதபோது அதற்கு ஓரளவு பயன் உண்டு. 3 ஆண்டு, அதற்கும் மேல் உங்களிடம் வேலை செய்தவர்களின் உண்மையான வேலை கண்முன் கிடக்கும்போது, பழக்கமில்லாத புதிர்களை 90 நிமிடத்தில் விடுவிக்கச் சொல்வது, கல்யாணச் சமையலைப் பத்து வருடமாகச் சாப்பிட்டுவிட்டுச் சமையற்காரருக்கு எழுத்துத் தேர்வு வைப்பது போன்றது. இத்தகைய தேர்வுகள் திறமையோடு பதற்றத்தையும் சேர்த்தே அளக்கின்றன. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கணினியியல் மாணவர்கள் 48 பேரில் ஒரு பகுதியினர் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லியபடியே பலகையில் எழுதினார்கள். மற்றவர்கள் அதே கணக்கைத் தனி அறையில் எழுதினார்கள். ஒருவர் பார்க்கப் பேசிக்கொண்டே எழுத வேண்டியிருந்த வித்தியாசத்தில், முதல் பகுதியினரின் செயல்பாடு பாதிக்கும் கீழே போய்விட்டது. மாணவர்களுக்கே அப்படியென்றால், சம்பள உயர்வு தொங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எப்படியிருக்கும்?

இனி, நான்கு நாள் வேகம். செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்துவதை நீங்கள் குறையாக எழுதவில்லை, அது நியாயம். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இந்தக் கருவிகளில் வேகத்தைப் பற்றிய மனக்கணக்கு எளிதில் தவறிவிடுகிறது. மீட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025-இல் செய்த சோதனையில், தங்களுக்கு நன்கு பழகிய பெரிய திறந்தமூல (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) மென்பொருள்களில் வேலை செய்யும் அனுபவசாலிகள் 16 பேர் 246 வேலைகளைச் செய்தார்கள். கருவியை அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது, ஆனால் முடித்த பிறகு கேட்டபோது, 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகத்தான் அவர்கள் நினைத்திருந்தார்கள். பழைய, பெரிய நிரலுக்குள் கைவைத்தவர்களைப் பற்றிய முடிவு இது. புதிதாக ஒரு சிறு திரையை எழுதும்போது கருவி உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துவதை நானே பார்த்திருக்கிறேன். எனவே இளையவரின் நான்கு நாள் பொய் என்று நான் சொல்லவில்லை. நான்கு நாளில் என்ன முடிந்தது என்று கேட்கிறேன். திரை வந்ததா, வேலை முடிந்ததா?

இதை அறிய, நிரல் தெரியாதவர் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது: ‘இது எப்போது தவறும்?’ இரண்டு கணினியில் இரண்டு பேர் ஒரே பேக்கிங் சிலிப்பை ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும்? பில் போடும்போது பாதியில் நெட் போனால்? ஏப்ரல் 1 அன்று பில் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்போது, போன ஆண்டின் முதல் பில்லோடு குழம்புமா? சரக்கு திரும்பி வந்து, அதில் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டால்? இந்தக் கேள்விகளுக்குத் தன் பெயரில் சேர்த்த நிரலைப் பற்றி அவரால் பதில் சொல்ல முடிந்தால், அதை எழுதியது கையா கருவியா என்பது எனக்குப் பொருட்டே இல்லை. ‘அதை இன்னும் யோசிக்கவில்லை, பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லி மறுநாள் வந்து சொன்னாலும் நல்ல பதில்தான். 3 ஆண்டு அனுபவத்தில் அது போதும். ‘கருவி அப்படித்தான் கொடுத்தது’ என்பது பதிலாகாது.

மூத்தவரிடமும் அதே கண்டிப்போடு கேளுங்கள். 6 வாரத்தில் என்னென்ன அடங்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல நிரலாளரின் நீண்ட கணக்கில் சரக்கு இருக்கும்: பழைய தரவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்ற இத்தனை நாள், மாற்றும்போது வேலை நிற்காமலிருக்க இத்தனை நாள், கட்டிங் பிரிவில் ஓட்டிப் பார்க்க இத்தனை நாள், தெரியாததற்கு இத்தனை நாள், இதை விட்டுவிட்டால் மூன்றே வாரம் ஆனால் இன்ன ஆபத்து. ‘அது சிக்கலான விஷயம் மேடம், சொன்னால் உங்களுக்குப் புரியாது’ என்ற பதில் வந்தால் நான் கவலைப்படுவேன். என் துறையில் மூத்தவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். இன்னொரு நோயும் அவர்களுக்கு உண்டு: உங்களிடம் இருப்பது ஒரே ஃபேக்டரியாக இருக்க, நாளை இருபது ஃபேக்டரி வந்தாலும் தாங்கும்படி எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுதுகிறவருக்கு இன்பம், காசு உங்களுடையது.

ஆனால் அவர் ‘கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்’ என்பதை நீங்கள் குறையாக எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற நிரலாளர், வேறொரு வேலையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் என்று விடாமல் தேடிக்கொண்டே போனதில், லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டுப் புதைத்துவைத்திருந்த கள்ளக்கதவைக் கண்டுபிடித்தார். அது உலகெங்கும் பரவியிருந்தால் எத்தனையோ சர்வர்களுக்குள் அந்நியர் நுழைய வழி பிறந்திருக்கும். அந்த அரை நொடிக்கு யாரும் டிக்கெட் போட்டு அவரிடம் தரவில்லை. உங்கள் மூத்தவர் கேட்கும் கேள்விகளை ஒரு மாதம் எழுதிவையுங்கள். அவற்றில் எத்தனை கேள்விகளுக்குப் பிறகு நீங்கள் ‘அட, அப்படி ஒன்று இருக்கிறதல்லவா’ என்று வேலையையே மாற்றிச் சொன்னீர்கள் என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அவர் தாமதத்துக்காகக் கேட்கிறார்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு நிறுவனத்தில் குழுத் தலைவனாக இருந்தபோது, இரவு எத்தனை மணிக்கு மென்பொருள் விழுந்தாலும் வந்து எழுப்பி நிறுத்திவிடும் ஒருவருக்கு ஆண்டின் சிறந்த பணியாளர் விருதைப் பரிந்துரைத்தேன், கொடுத்தார்கள். அவருக்கு எதிர் மேசையில், எந்தச் சத்தமும் இல்லாமல், 6 மணிக்கு வீட்டுக்குப் போகும் ஒரு பெண்மணி இருந்தார். மறு ஆண்டு அந்தப் பெண்மணி வேறு நிறுவனத்துக்குப் போன பிறகு, யாருடைய பகுதி எத்தனை முறை விழுந்தது என்று ஒரு பட்டியல் எடுத்தேன். நள்ளிரவில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை விருது வாங்கியவர் எழுதியவை. பெண்மணியின் பகுதி அந்த இரண்டு ஆண்டில் ஒரு முறை விழுந்திருந்தது. அதற்கு யாரும் கை தட்டவில்லை, நானும்தான். அந்தப் பட்டியலை எடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. விருதுக்கு முன்பே எடுத்திருக்கலாம். நீங்கள் ஏப்ரலுக்கு முன் எடுத்துவிடுங்கள். பழைய பகுதியைப் பராமரிப்பவர் மீது பிறர் செய்த பிழைகள் விழாதபடி, எழுதியவர் யார் என்று பிரித்து எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நிரலையே ஒருவர் பார்த்தாக வேண்டும் என்று தோன்றினால், இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, செலவில்லாதது: இளையவர் எழுதிய பகுதியில் ஒரு சிறு மாற்றத்தை மூத்தவரும், மூத்தவர் எழுதியதில் அதே அளவு மாற்றத்தை இளையவரும் செய்யட்டும். போட்டி என்று அறிவிக்காமல், வழக்கமான வேலை ஒதுக்கீடாகவே செய்யுங்கள். மற்றவர் எழுதியதைப் புரிந்துகொள்ள எத்தனை நாள் ஆனது, எத்தனை முறை எழுதியவரிடமே போய்க் கேட்க வேண்டியிருந்தது, மாற்றிய பிறகு வேறெங்காவது உடைந்ததா என்று பாருங்கள். தெளிவாக எழுதப்பட்ட நிரலில் புதியவர் ஒரே நாளில் நுழைந்து வெளியே வந்துவிடுவார். இரண்டாவது, வெளியிலிருந்து ஒரு மூத்த நிரலாளரை இரண்டு நாள் கட்டணத்துக்கு அழைத்து, இரு பகுதிகளையும் எழுதியவர் பெயரை மறைத்துக் காட்டுவது. ‘இருவரில் யார் உசத்தி’ என்று அவரிடம் கேட்காதீர்கள். ‘இந்த இரண்டில் எதை நீங்கள் பராமரிக்க ஒப்புக்கொள்வீர்கள், ஏன்’ என்று கேளுங்கள். மதிப்பெண்ணை விட்டுவிட்டுக் காரணங்களை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு திருத்தமும் உங்கள் கேள்விக்குள்ளேயே தேவைப்படுகிறது. இவர்கள் இருவரையும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை. 3 ஆண்டுக்காரரிடம் நான் எதிர்பார்ப்பது: கொடுத்த வேலை முடிகிறது, ஒரே தவறு இரண்டாம் முறை வருவதில்லை, சிக்கிக்கொண்டால் இரண்டு நாள் மறைக்காமல் வந்து சொல்கிறார். இரண்டரை மடங்கு சம்பளம் வாங்குபவரிடம் அது மட்டும் போதாது. அவர் இருப்பதால் மற்ற நால்வரின் வேலை எளிதாகியிருக்க வேண்டும். அவர் பத்து நாள் விடுப்பில் போனால் நிறுவனம் ஓட வேண்டும். பத்து நாள் அவர் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்றால், அதை அவருடைய மதிப்பு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பாதி குறையாகத்தான் எடுத்துக்கொள்வேன். எல்லாவற்றையும் தன் தலைக்குள் வைத்திருக்கிறார் என்றுதானே அதற்குப் பொருள்? இளையவர் தன் படிக்கு மேலேயும் மூத்தவர் தன் படிக்குக் கீழேயும் இருப்பதாக நீங்கள் காணவும் கூடும். அப்போதும் 41-ஐ 13-ஆல் வகுத்து அல்ல, மேலே சொன்னவற்றைக் கொண்டு காணுங்கள்.

ஏப்ரலைப் பொறுத்தவரை ஒன்று. இன்று நீங்கள் கற்றுக்கொண்ட அளவுகோலால் போன ஆண்டின் வேலையை அளந்து சம்பளத்தைக் குறைப்பது நியாயமாகாது; எதைப் பார்ப்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாமல்தான் அந்த ஆண்டு முழுதும் வேலை செய்தார்கள். ஆகவே இந்த முறை இருவருக்கும் வழக்கமான உயர்வைக் கொடுத்துவிட்டு, ஒரே கூட்டத்தில் ஐவரையும் உட்காரவைத்து, இனி என்ன பார்க்கப்போகிறீர்கள் என்பதைத் தமிழிலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: ஒப்படைத்த வேலை 6 மாதத்தில் எத்தனை முறை திரும்பி வந்தது, சொன்ன நாளுக்கும் முடித்த நாளுக்கும் எவ்வளவு இடைவெளி, அதை முன்கூட்டியே சொன்னார்களா, பிறர் அவர்களுடைய பகுதிக்குள் எளிதாக நுழைய முடிகிறதா. கடின வேலைகளைச் சுழற்சியில் ஒதுக்குங்கள். இளையவருக்கும் ஒரு சாயப்பட்டறை எடைக் கணக்கு கிடைக்கட்டும், அது கிடைக்காதவரை அவருடைய எல்லை எதுவென்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அக்டோபரில் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள்.

அதற்கு முன், இந்த வாரமே செய்யக்கூடிய வேலை அந்த 6 வாரக் கணக்குதான். மூத்தவரிடம் எழுதி வாங்குங்கள். அதே வேலையை இளையவர் எப்படிச் செய்வார் என்று அவரிடமும் தனியாக எழுதி வாங்குங்கள். பிறகு இரண்டு தாள்களையும் வைத்துக்கொண்டு மூவரும் ஒரு மணி நேரம் பேசுங்கள். ஒருவர் தாளில் இருந்து மற்றவர் தாளில் இல்லாதது எதுவோ, அங்கேயிருந்து தொடங்கலாம்.